பழுப்பு பம்பும் ஸ்பேசரும்: வயல் வெட்டுக்கு முன்னம் வாங்கவேண்டிய சோடி

தை, மாசியில் வெட்டு மெசின் வயலில் இறங்கி சப்பித்தூசி பறக்கத் தொடங்கினால், வன்னியில் இழுப்புக்காரர் (ஆஸ்துமா உள்ளவர்கள்) தேடுவது வாயில் அடிக்கிற நீல பம்பைத்தான். அதில் இருப்பது சல்பியூட்டமோல் மருந்து. சில நிமிடத்தில் மூச்சுக்குழாயை விரித்துவிடும். உள்ளே இருக்கிற அழற்சியைத் தொடாது. அதைத் தொடுவது பெக்லோமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் உள்ள பழுப்பு பம்ப். (நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும், பெயரை வாசித்து வாங்குங்கள்.)

நுரையீரலின் சிற்றறைகளில் மக்ரோபேஜ் என்ற தின்குழியங்கள் காவல் இருக்கின்றன. விழுங்குகிற ஒவ்வொரு தூசிக்கும் அவை சண்டைக்குப் போனால் மூச்சு விடவே இடம் இராது. அதனால் சுவர்க்கலங்கள் சிடி200 என்ற மூலக்கூறைக் காட்டி அவற்றை அடக்கி வைக்கின்றன. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதமும், நோயெதிர்ப்பை மட்டுப்படுத்தும் ஒழுங்காக்கும் டி கலங்கள் சுரக்கும் ஐஎல்-10 என்ற புரதமும் பார்ப்பது அதே வேலை. ஆஸ்துமாவில் இந்தக் கடிவாளம் போதாமல் போகிறது. அழற்சியைத் தூண்டும் ஐஎல்-5, ஐஎல்-13 என்ற புரதங்கள் பெருகி, இயோசினோபில் என்ற வெள்ளைக் குருதிக் கலங்கள் வந்து குவிந்து, குழாய்ச்சுவர் வீங்கிச் சளி கட்டுகிறது. ஸ்டீரொய்ட் கலத்துக்குள் போய், அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களின் வேலையைக் குறைக்கிறது. அதற்கு நாள் எடுக்கும், முழுப்பலனுக்குக் கிழமைகள். மூன்று நாள் அடித்துவிட்டு ‘இது வேலைசெய்யாது’ என்று அலுமாரியில் போடுவதுதான் இந்தப் பம்புக்கு நடக்கிற பெரிய அநியாயம். டொக்டர் எழுதித் தந்திருந்தால் மார்கழியிலேயே ஒழுங்காகத் தொடங்கிவிட வேண்டும்.

ஸ்பேசர் என்பது பம்புக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் குழாய். அது இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையிலேயே படிந்துவிடும். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஒருதரம் மட்டும் அழுத்தி, ஆறுதலாக உள்ளே இழுத்து, 10 செக்கன் அடக்குங்கள். அடுத்த அழுத்தலுக்கு முன் அரை நிமிடமாவது பொறுத்து, திரும்பவும் குலுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரேயடியாக அடிப்பது வீண். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சணம் படியலாம்.

புது பிளாஸ்டிக் ஸ்பேசரில் நிலைமின் இருக்கும், மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். சட்டி கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் நிலைமின் திரும்பவும் வரும். வால்வு ஒட்டிப்போனால் எறியவேண்டியதுதான். வாங்க வசதியில்லையா? அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் போகிற அளவுக்கு ஓட்டை போட்டாலும் பிழையில்லாமல் வேலைசெய்யும்.

கிளினிக்கில் பம்புக்குப் பதில் மூச்சில் இழுக்கிற தூள் உள்ள கப்சூல் தந்தால் அது வேறு கதை. அந்தத் தூளை ஆறுதலாக அல்ல, பலமாக, வேகமாக இழுக்க வேண்டும். கப்சூலை விழுங்கக்கூடாது. மாரி ஈரம் பட்டால் தூள் கட்டிபடும், போத்தல் மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

பம்பை வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைக்காதீர்கள். 200 அழுத்தல் உள்ள பம்ப், காலை 2 மாலை 2 என்றால் 50 நாள். தொடங்கிய திகதியைப் பெட்டியில் எழுதிவையுங்கள், ஏனென்றால் மருந்து தீர்ந்த பிறகும் அது ‘புஸ்’ என்றுதான் அடிக்கும்.