காலாங் தேசிய விளையாட்டரங்கம்: எங்கே உட்காரலாம், எப்படிப் போகலாம், எதற்குக் காசு கொடுக்கலாம்

சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் மரினா பே, செந்தோசா, தேக்கா என்று பட்டியல் போடுவார்கள். காலாங் அதில் பெரும்பாலும் இருக்காது. ஏதாவது கச்சேரிக்கோ ஆட்டத்துக்கோ சீட்டு கிடைத்தால்தான் அந்தப் பக்கம் போவார்கள். சீட்டு இல்லாமலும் ஒரு மாலைப்பொழுதை அங்கே தாராளமாகக் கழிக்கலாம். சீட்டு வாங்கிப் போகிறவர்களோ சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகாவிட்டால் கொடுத்த காசுக்குப் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

35 ஹெக்டேர் வளாகம் அது. 55,000 பேர் அமரும் தேசிய விளையாட்டரங்கம் நடுவில் இருக்கிறது. பக்கத்தில் கென்சோ தாங்கே வடிவமைத்து 1989-இல் திறந்த 12,000 பேருக்கான உள்ளரங்கம். நீச்சல் வளாகம், பூப்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் கூடங்கள், படகுத்துறை, ஒரு கடைத்தொகுதி என்று மற்றவை சுற்றிலும் இருக்கின்றன. 1973-இல் திறந்த பழைய தேசிய விளையாட்டரங்கத்தை இடித்துவிட்டு அதே இடத்தில்தான் இதைக் கட்டினார்கள். புதியது 2014 ஜூனில் திறந்தது.

இதை மதிப்பிட வேண்டுமென்றால் பணம் எப்படிப் போனது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்று அங்கே போகிறவர் அனுபவிக்கும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகின்றன. கட்டும்போது அரசு நேரடியாகக் கட்டவில்லை. தனியார் கூட்டமைப்பு ஒன்று 133 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில் வடிவமைத்து, கட்டி, நடத்தும் என்பது 25 ஆண்டு ஒப்பந்தம். பதிலுக்கு அரசு ஆண்டுக்கு ஏறத்தாழ 19 கோடியே 37 லட்சம் வெள்ளி கொடுக்க வேண்டும். கட்டடம் பிரமாதமாக வந்தது. நடத்துவதில்தான் உரசல். 2016 தேசிய தின அணிவகுப்பை அங்கே வைத்தபோது, ஒப்பந்தத்தில் இருந்த 45 நாள்களுக்கு மேல் இடம் தேவைப்பட்டது. அந்தக் கூடுதல் நாள்களுக்கு எவ்வளவு என்பதில் இழுபறியாகி, கடைசியில் 1 கோடி வெள்ளிக்கு முடிந்தது. நாட்டின் பிறந்தநாளை நாட்டின் அரங்கத்தில் கொண்டாட வாடகைப் பேரம் பேச வேண்டியிருந்தது மக்களை உறுத்தியதில் வியப்பில்லை. 2022 ஜூனில் ஒப்பந்தத்தை முறிப்பதாக அறிவித்த அரசு, ஏறத்தாழ 150 கோடி வெள்ளி கொடுத்து, அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் தன் கையில் எடுத்துக்கொண்டது.

பெரிய தொகைதான். ஆனால் எடுத்தது சரியான முடிவு. நடத்துகிறவருக்கு நாள் வாடகைதான் வருமானம் என்றால் பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் போட்டிக்கு அந்த அரங்கம் கிடைக்காது. அரசு எடுத்த சில மாதங்களில், 2023-இல், தேசியப் பள்ளி விளையாட்டுகளின் திடல்தட (ஓட்டம், தாண்டுதல், எறிதல்) இறுதிப் போட்டிகள் அங்கே நடந்தன. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடி, 33 ஆண்டு முறியாத தேசியச் சாதனை வைத்த சி. குணாளனைப் போல இன்னொருவர் வர வேண்டுமென்றால், பிள்ளைகள் பெரிய அரங்கத்தின் தடத்தை சிறு வயதிலேயே மிதித்திருக்க வேண்டும்.

இனி அரங்கத்துக்குள் போவோம். கூரையின் குவிமாடம் தூணே இல்லாமல் 310 மீட்டர் அகலத்தை மூடுகிறது. நடுப்பகுதி திறந்து மூடும், அதற்கு 25 நிமிடம் போல ஆகும். ஆனால் இது முழுக்க அடைத்த குளிர்சாதன அரங்கம் என்று நினைத்துப் போகாதீர்கள். ஒரு முனை நகரத்தைப் பார்த்தபடி திறந்தே கிடக்கும். குளிர்காற்று இருக்கைகளுக்கு அடியிலிருந்து வரும்படிதான் அமைத்திருக்கிறார்கள். காற்று முழுவதையும் குளிர்விக்காமல் ஆள் உட்காரும் உயரத்தை மட்டும் குளிர்விப்பதால் மின்சாரம் மிச்சம். அதனால் கால் பக்கம் குளிர்ந்திருக்க, தலைக்கு மேலே புழுக்கமாகத்தான் இருக்கும். எழுந்து நின்று ஆடும் கச்சேரிகளில் இது நன்றாகவே தெரியும். பருத்திச் சட்டை போதும், மேலாடை வேண்டாம். உள்ளரங்கம் இதற்கு நேர்மாறு. அது மூடிய கட்டடம், குளிர் நன்றாகவே இருக்கும். குழந்தைகளோடு பூப்பந்து பார்க்கப் போனால் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கை விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கீழ் அடுக்கு இருக்கைகள் நகரக்கூடியவை. காற்பந்து, ரக்பி என்றால் திடலை ஒட்டி முன்னே தள்ளுவார்கள், திடல்தடப் போட்டி என்றால் ஓடுதடம் தெரியப் பின்னே இழுப்பார்கள். காற்பந்துக்கு 55,000, கிரிக்கெட்டுக்கு 52,000, திடல்தடத்துக்கு 50,000 என்று எண்ணிக்கை மாறுவது இதனால்தான். ஆகவே சென்ற முறை பார்த்த அதே இடத்தை இந்த முறையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அந்த நிகழ்ச்சிக்கென்று போட்டிருக்கும் இருக்கை வரைபடத்தைப் பாருங்கள். காற்பந்துக்குக் கீழ் அடுக்கின் முன்வரிசை நல்லதல்ல, ஆட்டக்காரர்களின் கால்தான் தெரியும், ஆட்டத்தின் அமைப்பு தெரியாது. நடுக்கோட்டை ஒட்டிய நடு அடுக்குதான் காசுக்குத் தகுந்த இடம். அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பிக்கு மேல் அடுக்குக்குப் போனாலும் பரவாயில்லை, திடல் முழுவதையும் ஓடி விளையாடும் ஆட்டம் மேலிருந்து பார்த்தால்தான் புரியும். கச்சேரிக்கு 600-இல் தொடங்கும் எண்கள் கொண்ட உச்சி அடுக்கு மலிவு. ஆனால் படிகள் செங்குத்து, குவிமாடத்தில் பட்டுத் திரும்பும் ஒலி பாட்டுச் சொற்களைக் குழப்பும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அங்கே ஏற்றாதீர்கள்.

சீட்டில் வாயில் எண் இருக்கும். வளாகத்துக்குள் நுழைந்ததும் பார்க்க வேண்டியது அதைத்தான். அரங்கத்தைச் சுற்றிய பாதை 900 மீட்டர் போல வரும். எதிர்ப்பக்க வாயிலுக்குப் போய்விட்டால் பாதி வட்டத்தைக் கூட்டத்துக்குள் நடந்து கடக்க வேண்டும். பெரிய பை, வெளிச் சாப்பாடு, பானம் எதையும் உள்ளே விடமாட்டார்கள். பை அளவு விதி நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறலாம் என்பதால் முதல் நாளே பார்த்துவிடுங்கள். உள்ளே விற்கும் சாப்பாடு விலைக்கு ஏற்றதாக இல்லை. முன்னதாகவே மவுண்ட்பேட்டன் பக்கம் பழைய விமான நிலையச் சாலை உணவங்காடி நிலையத்தில் வயிறார முடித்துக்கொண்டு வருவதே மேல். சீட்டை அதிகாரபூர்வ விற்பனைத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். டெய்லர் சுவிஃப்ட் கச்சேரிக் காலத்தில் இல்லாத சீட்டுக்குப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

திடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்த புதிதில் இந்த அரங்கத்தின் பெரிய அவமானமே புல்தான். 2014 அக்டோபரில் ஜப்பானுக்கு எதிராக நெய்மார் நான்கு கோல் போட்ட ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திட்டுத்திட்டான மணல் தரை நினைவிருக்கும். காரணம் எளிது: பெரிய கூரை வெயிலை மறைத்துவிட்டது, போதாததற்கு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்து புல் வேர்பிடிக்க விடவில்லை. பிறகு அந்தப் புல்லை எடுத்துவிட்டு, வேறு இடத்தில் வளர்த்துச் சுருட்டிக் கொண்டுவந்து விரிக்கும் வகைக்கு மாறினார்கள். இப்போது தரை நன்றாக இருக்கிறது. ஆனாலும் கச்சேரி முடிந்த கையோடு வரும் ஆட்டத்துக்கு வெகுதொலைவிலிருந்து விமானச் சீட்டு எடுப்பவர்கள் நிகழ்ச்சி நிரலில் இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

போகும் வழி எளிது. சாங்கி விமான நிலையத்திலிருந்து எம்ஆர்டி ரயிலில் ஏறி, தானா மேராவில் மாறி, பாய லேபாரில் இறங்கி வட்டப் பாதைக்கு மாறினால் டகோட்டா, மவுண்ட்பேட்டன், அடுத்து ஸ்டேடியம் நிலையம். தேக்காவில் தங்குகிறவர்கள் லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் ஏறி, ரோச்சோர், பூகிஸ் தாண்டி புரொமனாடில் மாறி, நிக்கல் ஹைவே அடுத்து ஸ்டேடியத்தில் இறங்கலாம். திரும்புவதுதான் சோதனை. 50,000 பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் ஸ்டேடியம் நிலையத்தில் கயிறு கட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவார்கள். அந்த வரிசையில் நிற்காதீர்கள். கிழக்கு-மேற்குப் பாதையில் இருக்கும் காலாங் நிலையத்துக்குக் கால் மணி நேரம் போல நடந்துவிடுங்கள். அல்லது ஆற்றின் மேல் நடைபாலத்தைக் கடந்து 2024 ஜூனில் திறந்த தஞ்சோங் ரூ நிலையத்துக்குப் போங்கள், அது தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதை. டாக்சி வேண்டுமென்றாலும் இரண்டு நிலையத் தூரம் தள்ளிப்போய் அழைத்தால்தான் நெரிசல் நேரக் கட்டணம் கடிக்காது.

சீட்டு இல்லாதவர்களுக்கு: அரங்கத்தைச் சுற்றிய கூரை போட்ட அந்தப் பாதையில் காசில்லாமல் நடக்கலாம், ஓடலாம், சறுக்குசக்கரம் விடலாம். மழை நாளிலும் நனைய வேண்டாம் என்பதால் உள்ளூர்க்காரர்கள் இரவிலும் வருகிறார்கள். நீர்ப்பக்கம் இறங்கினால் நகரின் உயர் கட்டடங்கள் முழுதாகத் தெரியும். மரினா பேயில் கூட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்க்கும் அதே காட்சி இங்கே நிதானமாகக் கிடைக்கிறது. கயாக் எடுக்க விரும்பினால் அடிப்படைத் தேர்ச்சிச் சான்று கேட்பார்கள், இல்லையேல் பயிற்றுநரோடு போகும் வகுப்பில் சேருங்கள். நீச்சல் வளாகம் 2025 உலக நீர்விளையாட்டுப் போட்டியில் முக்குளிப்புப் பிரிவு நடந்த இடம். போட்டி இல்லாத நாளில் பொதுமக்களும் நீந்தலாம். நிகழ்ச்சி நாளில் மூடிவிடுவார்கள் என்பதால் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன் அட்டவணையைப் பாருங்கள். பூப்பந்துத் திடல்களுக்கு, பொது விளையாட்டு வசதிகளைப் பதிவுசெய்யும் ஆக்டிவ்எஸ்ஜி செயலியில் முன்பதிவு. மாலை நேர இடங்கள் திறந்த உடனே பறந்துவிடும், வேலைநாள் மதியம் கேட்டால் கிடைக்கும்.

சுற்றுலாவுக்கு வருவோம். 2024 ஜனவரியில் கோல்ட்பிளே ஆறு இரவு, மார்ச்சில் டெய்லர் சுவிஃப்ட் ஆறு இரவு. சுவிஃப்ட் தென்கிழக்காசியாவில் சிங்கப்பூரில் மட்டும் பாடியதற்குப் பயணத்துறைக் கழகம் கொடுத்த மானியமும் ஒரு காரணம். அதை அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கே ஒப்புக்கொண்டார். தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் பக்கமிருந்து மனக்கசப்பும் வந்தது. தொகையை வெளியிடவில்லை. இங்கேதான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது: வணிக இரகசியம் என்பது புரிகிறது, ஆனாலும் பொதுப்பணம் என்பதால் சில ஆண்டுகள் கழித்தாவது கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். பயணிக்கு இதனால் வரும் விளைவு நேரடியானது. அந்த வாரங்களில் அறை வாடகை ஏறும். கச்சேரிக்காக இல்லாமல் பொதுவாகச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் தேதி முடிவுசெய்யும் முன் அரங்கத்தின் நிகழ்ச்சி நிரலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

எதற்கு முதலில் காசு கொடுக்கலாம் என்று கேட்டால், உள்ளரங்கத்தில் நடக்கும் சிங்கப்பூர் ஓப்பன் பூப்பந்துதான். 2022-இல் பி.வி. சிந்து கோப்பை வென்ற போட்டி. 12,000 பேர் அரங்கம் என்பதால் மேல் வரிசையிலிருந்தும் பந்தின் போக்கு தெரியும். ஆரம்பச் சுற்று நாளில் ஒரே சீட்டில் காலையிலிருந்து இரவு வரை பல ஆட்டம் பார்க்கலாம், இறுதி நாளைவிட விலையும் குறைவு. உள்ளரங்கத்துக்குப் பக்கத்தில் 18,000 பேர் அமரும் புதிய அரங்கம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள், காலாங் முழுவதிலும் வேலைகள் தொடர்கின்றன. நடைபாதைகள் அவ்வப்போது மாறுவதால், சென்ற ஆண்டு போன வழியை நம்பாமல் நிலையத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையைப் பார்த்து நடங்கள்.