டெல்லியில் ஆனர்ஸ் முதல் வருடம்: ஹாஸ்டலா, பிஜியா, சொந்தக்காரர் வீடா?

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கியூட்டின் மதிப்பெண் வந்து, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எகனாமிக்ஸ் ஆனர்ஸோ ஹிஸ்டரி ஆனர்ஸோ கிடைத்துவிட்டது. அடுத்து நம் வீடுகளில் எழுவது, பிள்ளை எங்கே தங்கும் என்ற கேள்வி. பெற்றோர் பெரும்பாலும் சாப்பாட்டையும் பாதுகாப்பையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். இரண்டும் முக்கியம்தான். ஆனால் ஆனர்ஸ் படிப்பு அமைந்திருக்கும் விதத்தையும் சேர்த்து யோசிக்கச் சொல்வேன். முதல் வருடத்தில் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்குப் பாடம் பிடிபடாமல் போவதில்லை. வகுப்பு முடிந்த பிறகு பாடத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல்தான் தனித்துப்போகிறார்கள்.

2022-இல் வந்த பாடத்திட்டப்படி முதல் செமஸ்டருக்கு 22 கிரெடிட் (ஒவ்வொரு தாளின் பாடச் சுமையையும் அளக்கும் அலகு). முதன்மைப் பாடத்தில் மூன்று தாள், வேறு துறையிலிருந்து ஒன்று, அதோடு இரண்டு கிரெடிட் அளவில் சின்னதாக மூன்று தாள். டுட்டோரியல், அதாவது சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் வகுப்பு, உள்ள நான்கு கிரெடிட் தாளுக்கு மொத்தம் 160 மதிப்பெண். அதில் செமஸ்டர் தேர்வுக்கு 90தான். மீதி 70, அசைன்மென்ட், வகுப்புத் தேர்வு, பிரசன்டேஷன், டுட்டோரியலில் வாய் திறந்து பேசுவது, வருகைப்பதிவு என்று வாராவாரம் சேர வேண்டியது. பிளஸ் டூவில் மாவட்ட அளவில் பேர் வாங்கிய பிள்ளைகள்கூட, கடைசி மாதம் உட்கார்ந்தால் போதும் என்ற பழைய பழக்கத்தால் இந்த 70-இல் கோட்டை விடுகிறார்கள். அதனால்தான் சாயங்காலம் யாரோடு, எங்கே இருக்கிறார்கள் என்பது இவ்வளவு பெரிய விஷயமாகிறது.

கிடைத்தால் கல்லூரி ஹாஸ்டல்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. எந்த ஆசிரியர் கட்டுரையில் என்ன எதிர்பார்ப்பார், ரீடிங் லிஸ்டில் எதை முழுசாகப் படிக்க வேண்டும், எதைப் புரட்டினால் போதும் என்பதெல்லாம் பக்கத்து அறை சீனியருக்குத் தெரியும். நாலு பேர் சேர்ந்து செய்யும் பிரசன்டேஷனை ராத்திரி மெஸ்ஸிலேயே பேசி முடித்துவிடலாம். மொழியும் அங்கேதான் வசப்படும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், வகுப்பு முடிந்ததும் சந்தேகமும் சிரிப்பும் இந்திக்குத் தாவிவிடும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு மொழி அந்நியம். பீகாரிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்த அறைத்தோழரோடு தினமும் பேசிப் பேசித்தான் அந்தக் கூச்சம் போகும். எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் அதைச் செய்யாது.

குறைகளும் உண்டு. இடம் மிகக் குறைவு, பல கல்லூரிகளில் ஹாஸ்டலே கிடையாது. இடம் மதிப்பெண் வரிசைப்படி கிடைப்பது. பட்டியல் வருவதற்குள் வகுப்பே தொடங்கிவிடுவதும் உண்டு. ராஜ்மாவும் ரொட்டியும் முதல் மாதம் வயிற்றை ஒரு வழி பண்ணும். பெண்கள் ஹாஸ்டல்களில் வாசல் மூடும் நேரம் தனிப் பிரச்சினை. அந்தக் கட்டுப்பாடுகளை எதிர்த்துத்தான் 2015-இல் மாணவிகள் 'பிஞ்ரா தோட்' (கூண்டை உடை) இயக்கத்தைத் தொடங்கினார்கள். மகள் சேரப்போகும் ஹாஸ்டலில் இரவு அனுமதி எப்படி, நூலகத்தில் இருந்து தாமதமாகத் திரும்பலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் ஹாஸ்டலிலும் அதே விதி உண்டா என்றும் கேளுங்கள்.

ஹாஸ்டல் கிடைக்காதவர்களுக்கு பிஜி, அதாவது பேயிங் கெஸ்ட் என்ற தனியார் தங்கும் விடுதி. வடக்கு வளாகக் கல்லூரிகளுக்கு கமலா நகர், விஜய் நகர், ஹட்சன் லேன், முகர்ஜி நகர் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. நேரக் கட்டுப்பாடு குறைவு, நடந்தே வகுப்புக்குப் போய்விடலாம், அறையும் சில இடங்களில் ஹாஸ்டலைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் செலவு கூடும். வாடகைக்கு மேல் கரண்ட் தனி மீட்டர், அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், பாதியில் காலி பண்ணினால் அட்வான்ஸ் போச்சு என்ற நிபந்தனை எல்லாம் சேரும். எழுதிக் கொடுக்காமல் பணம் கட்டாதீர்கள். ஆகஸ்ட் புழுக்கத்தில் அறை பார்க்கப் போகிறவர்கள் ஏசியை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கும் காலம் டிசம்பர் குளிர். கீசர் வேலை செய்கிறதா, ஜன்னல் சரியாக மூடுகிறதா என்று அப்போதே பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம் மாடிப்படி. 2023 செப்டம்பரில் முகர்ஜி நகரில் ஒரு பெண்கள் பிஜியில் தீப்பிடித்து, மாணவிகளைத் தீயணைப்புத் துறையினர் மீட்டார்கள். 2024 ஜூலையில் பழைய ராஜிந்தர் நகரில் பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து, சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் உயிரிழந்தார்கள். வெளியேற ஒரே வழி, அதுவும் மீட்டர் பெட்டிகளுக்கு நடுவே என்றால் அந்தக் கட்டடம் வேண்டாம். அடித்தள அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, சொந்தக்காரர் வீடு. அம்மாக்களுக்கு இதில்தான் நிம்மதி. சாம்பார் கிடைக்கும், காய்ச்சல் வந்தால் பார்க்க ஆள் இருக்கும். ஆனால் அத்தை வீடு மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ இருந்து, கல்லூரி வடக்கு வளாகத்தில் இருந்தால், நீல வழித்தடத்தில் ஏறி ராஜீவ் சௌக்கில் மாறி, வளாகத்துக்குப் பக்கத்து மெட்ரோ நிலையமான விஸ்வவித்யாலயா போய்ச் சேரவே பெரும்பொழுது போய்விடும். திரும்பி வரவும் அதே பாடு. நாலு மணிக்கு நண்பர்கள் குழுவாக உட்காரும்போது இந்தப் பிள்ளை மெட்ரோவில் நின்றுகொண்டிருக்கும். நாடகக் குழு, விவாத மன்றம் எல்லாம் வகுப்பு முடிந்த பிறகுதான் கூடும். அவையும் கைவிட்டுப் போகும். வீட்டில் விருந்தாளி வந்தால் படிக்கும் அறை போய்விடும். பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

ஒரு விதிவிலக்கு: கல்லூரி ஸ்ரீ வெங்கடேஸ்வரா, வீடு ஆர்.கே.புரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே இருக்கலாம். இரண்டும் தெற்கு டெல்லியில் பக்கம் பக்கம். மலை மந்திர் முருகனும் கூப்பிடு தூரம்.

தமிழ் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து பிளாட் எடுக்கும் யோசனையை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். சமையல், சிலிண்டர், வாடகை ஒப்பந்தம், போலீஸ் சரிபார்ப்பு என்று அலைவதிலேயே முதல் செமஸ்டர் கரைந்துவிடும். நாள் முழுக்கத் தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பது இதமாகத்தான் இருக்கும். அந்த இதத்தில் வகுப்புத் தோழர்கள் கடைசிவரை வெறும் தெரிந்த முகங்களாகவே நின்றுவிடுவார்கள்.

ஆக என் வரிசை ஹாஸ்டல், நடக்கும் தூரத்து பிஜி, அதன் பிறகுதான் உறவினர் வீடு. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் மட்டும் வரிசை மாறலாம். நவம்பர் புகைமூட்டத்தில் மூச்சு இழுக்கும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பதற்கு ஈடில்லை.

மற்றவர்களுக்கும் முதல் இரண்டு வாரம் உறவினர் வீட்டில் இருந்துகொண்டு, வெயில் தாழ நடந்துபோய் அறைகளைப் பார்ப்பது நல்லது. ஊரிலிருந்தே போட்டோ பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம். ஹாஸ்டல் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் அலுவலகத்தில் அடிக்கடி விசாரியுங்கள். படிப்பை மாற்றிக்கொண்டு போகிறவர்களால் இடையில் இடம் காலியாவதுண்டு. அதற்காகவே, பிஜியில் பேசும்போது மாதாமாதம் வாடகை என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.