கோல் அடிக்காதவரைத் தேடிப் பார்த்தேன்: பழைய கால்பந்து ஆட்டங்களை முழுமையாகத் தரும் ஒரு காணொளிச் சேவையின் மதிப்புரை

தடுப்பாட்டக்காரர் ஒருவரின் திறமையைத் தொகுப்புக் காட்சிகளில் கண்டுகொள்ள வழியில்லை. கோல் விழுந்த நொடிகளை மட்டும் வெட்டி ஒட்டிய ஐந்து நிமிடக் காணொளியில், அவர் ஏமாந்த இரண்டு தருணங்கள் தவறாமல் இடம்பெற்றிருக்கும். எதிரணியின் முன்னேற்றத்தை முளையிலேயே கிள்ளிய நாற்பது தருணங்கள் விடுபட்டிருக்கும். இந்தக் குறை தீரும் என்ற எண்ணத்தில்தான், பழைய ஆட்டங்களைத் தொடக்க விசிலிலிருந்து இறுதி விசில்வரை அப்படியே வழங்கும் ஓர் இணையச் சேவைக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன். அதைச் சோதிக்க நான் தேர்ந்தெடுத்தவர் சுவீடனின் பாட்ரிக் ஆண்டர்சன். நாட்டுக்காக 96 ஆட்டங்கள் ஆடியவர். சுவீடனின் ஆண்டுச் சிறந்த கால்பந்து வீரருக்கான தங்கப் பந்து விருதை 1995, 2001 என இருமுறை பெற்றவர். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது ஒரே ஒரு உதைதான். சேவையின் தேடல் பெட்டியில் அவர் பெயரைத் தட்டச்சு செய்தபோதும் முதலில் வந்து நின்றது அந்த உதைதான். அதைத் தள்ளிவைத்துவிட்டு, காலவரிசைப்படி பார்க்கத் தொடங்கினேன்.

1994 உலகக் கோப்பையின் அரையிறுதி, பசடீனா ரோஸ் பவுல் அரங்கில் பிரேசிலுக்கு எதிரான ஆட்டம். படத்தின் தரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அன்றைய நான்குக்கு மூன்று என்ற சட்டகத்தை இன்றைய அகலத் திரைக்காக இழுத்து வீரர்களைக் குள்ளமாக்காமல், இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டு மூல வடிவிலேயே வைத்திருக்கிறார்கள். பின்வரிசை நால்வரின் இடைவெளியைக் கண்ணால் அளக்க விரும்புபவருக்கு இது மிகப் பெரிய உதவி. ரோலண்ட் நீல்சன், ஆண்டர்சன், யோவாகிம் பியோர்க்லுண்ட், ரோஜர் யுங் ஆகிய நால்வரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்களைப் போல நகர்கிறார்கள். ஒருவர் முன்னே வந்தால் மற்றவர் அந்த இடத்தை மூடுகிறார். 63ஆம் நிமிடத்தில் யோனாஸ் தெர்ன் சிவப்பு அட்டை பெற்று வெளியேறிய பிறகு, பத்துப் பேருடன் பதினேழு நிமிடங்கள் பிரேசிலைத் தாங்கி நின்றார்கள். 80ஆம் நிமிடத்தில், உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே பிரேசிலின் ரொமாரியோ எழும்பித் தலையால் முட்டிக் கோலாக்கினார். தொகுப்புக் காட்சியில் அந்த முட்டல் மட்டும் இருக்கும். முழு ஆட்டத்தில் அதற்கு முந்தைய பதினேழு நிமிடங்களும் இருக்கின்றன. எனக்கு இந்தச் சேவையின் மதிப்பு அங்கேதான் விளங்கியது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவை 4-0 என்று வென்று சுவீடன் வெண்கலம் பெற்றதும் பட்டியலில் உண்டு. அதை ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆண்டர்சனின் ஆட்டமுறை எங்கிருந்து வந்தது என்பதும் இந்த வரிசையில் பார்க்கும்போது புலப்படுகிறது. அவர் வளர்ந்த மால்மோ அணியில், 1970களில் பாப் ஹவுட்டனும் பின்னர் ராய் ஹாட்ஜ்சனும் ஊன்றிய ஆங்கிலேயப் பயிற்சி முறை நிலைபெற்றிருந்தது. ஆளைப் பின்தொடராமல் இடத்தைக் காப்பது, நால்வரும் ஒரே கோட்டில் நிற்பது, ஆஃப்சைடு கோட்டை, அதாவது பந்து வரும்முன் எதிரணியினர் தாண்டி நிற்கக் கூடாத கோட்டை, மேலே தள்ளுவது ஆகியவை அதன் அடிப்படை. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் சிறிது காலம் இருந்துவிட்டு 1993இல் அவர் பொருசியா மோன்ஷன்கிளாட்பாக் அணிக்குச் சென்றபோது, ஜெர்மனியில் பின்வரிசைக்குப் பின்னால் தனியே ஒருவரை நிறுத்தும் லிபரோ முறையும், எதிரணி முன்கள வீரருக்கு ஓர் ஆள் என்று ஒட்டிக்கொள்ளும் முறையும் இன்னும் செல்வாக்கோடு இருந்தன. இடத்தைக் காத்துப் பழகியவர் ஆளைக் காக்கும் நாட்டில் ஆறு ஆண்டுகள் நிலைத்து, 1995இல் வோல்ஃப்ஸ்பர்க்கை 3-0 என்று வென்ற அணியில் ஜெர்மன் கோப்பையையும் ஏந்தினார் என்றால், இரு முறைகளையும் அவர் உடலிலேயே ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் நான் கருதுகிறேன். இக்கட்டத்தில் சேவை ஏமாற்றிவிடுகிறது. அவரது மோன்ஷன்கிளாட்பாக் காலத்து லீக் ஆட்டங்களில் மிகச் சிலவே முழுமையாக உள்ளன. மற்றவை கோல் தொகுப்புகள். முழு ஆட்டம் என்று விளம்பரப்படுத்தும் ஒரு சேவை, எவை முழுமையானவை, எவை துண்டுகள் என்பதைப் பட்டியலிலேயே பிரித்துக் காட்டியிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை தேடல் முறையில் இருக்கிறது. ஆட்டங்களைக் கோல் எண்ணிக்கையையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 2000 கோப்பையின் தகுதிச் சுற்றில் சுவீடன் எட்டு ஆட்டங்களில் ஏழை வென்று, ஒன்றைச் சமன் செய்து, மொத்தமாக விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு கோல். அந்த ஒன்றும் 1998 செப்டம்பரில் சொந்த மண்ணில் இங்கிலாந்தை 2-1 என்று வென்ற ஆட்டத்தில் ஆலன் ஷியரர் அடித்தது. ஒரு தடுப்பாட்டக்காரரின் வாழ்வில் இதைவிட ஒளிமிக்க கணக்கு எளிதில் அமையாது. அதே சுற்றில் 1999 ஜூனில் இங்கிலாந்துக்கு எதிராக லண்டன் வெம்பிளி அரங்கில் 0-0 என்று முடிந்த ஆட்டம், சேவையின் பட்டியலில் ஏறக்குறைய அடிமட்டத்தில் கிடக்கிறது. கோல் இல்லாததால் அதற்குப் பகுதிக் குறிப்புகளும் இல்லை. காலக்கோட்டில் அட்டைகளும் ஆள் மாற்றங்களும் மட்டுமே புள்ளிகளாகத் தெரிகின்றன. பந்து பறிப்பு, இடைமறிப்பு, ஆஃப்சைடு ஆகியவற்றுக்கும் புள்ளி வைத்தால் என்ன என்று வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதினேன். இரண்டு நாளில் மரியாதையான பதில் வந்தது. மாற்றம் இன்னும் வரவில்லை.

இனி அந்த உதை. 2001 மே 19, ஹாம்பர்க், ஜெர்மன் லீக்கின் கடைசி நாள். ஆண்டர்சன் அப்போது பேயர்ன் மியூனிக் வீரர். ஒரே கணக்கை இரு கருவிகளில் ஒரே நேரத்தில் திறக்க இந்தச் சேவை அனுமதிப்பதால், ஒரு திரையில் ஹாம்பர்க் ஆட்டத்தையும் மற்றொன்றில் பட்டத்துக்குப் போட்டியிட்ட ஷால்க அதே நேரத்தில் 5-3 என்று உண்டர்ஹாகிங்கை வென்ற ஆட்டத்தையும் ஓடவிட்டேன். 90ஆம் நிமிடத்தில் செர்கே பார்பரெஸ் ஹாம்பர்க்குக்காகத் தலையால் முட்டிக் கோலாக்கியதும், மற்றொரு திரையில் மக்கள் திடலுக்குள் பாய்கிறார்கள். சாம்பியன் பட்டம் ஏறத்தாழ நான்கு நிமிடம் ஷால்கவிடம் இருந்தது. பிறகு ஹாம்பர்க் வீரர் உய்ஃபாலுஷி காலால் பின்னே தட்டிய பந்தைக் கோல்கீப்பர் ஷோபர் கையில் எடுக்க, நடுவர் மெர்க் பெனால்டி பகுதிக்குள் மறைமுக ஃப்ரீ கிக் வழங்கினார்; இன்னொரு வீரர் பந்தைத் தொட்ட பிறகே அதில் கோல் செல்லும். மோன்ஷன்கிளாட்பாக்கிலும் ஆண்டர்சனோடு ஆடிய எஃபென்பெர்க் பந்தை மெல்ல உருட்ட, ஆண்டர்சன் சுவராக நின்றவர்களின் நடுவே தாழ்வாக உதைத்துக் கோலாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். பேயர்னுக்காக அவர் அடித்த ஒரே கோல் அது. 63 புள்ளிகளுடன் பேயர்ன் பட்டம் வென்றது, ஷால்கவுக்கு 62.

காலவரிசைப்படி பார்த்ததால் எனக்குக் கிடைத்த ஒரு நுட்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆண்டர்சன் முதன்முதலில் ஆடிய பெரிய தொடர் சுவீடனில் நடந்த யூரோ 1992; கோல்கீப்பருக்குப் பந்தைப் பின்னே தட்டி அவர் கையில் எடுத்து நேரத்தைக் கடத்தலாம் என்ற பழைய விதியின்கீழ் நடந்த கடைசிப் பெரிய தொடரும் அதுவே. அந்த ஆட்டங்களில் சக வீரர்களோடு அவரும் பந்தைச் சாதாரணமாகப் பின்னே அனுப்புவதைப் பார்க்கலாம். அதே ஆண்டில், சக வீரர் காலால் பின்னே தட்டும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்று விதி மாறியது. ஒன்பது ஆண்டு கழித்து, அந்தப் புதிய விதியை எதிரணி ஒரு நொடி மீறியதுதான் அவர் பெயரை நிலைநிறுத்தியது.

நான்கு நாள் கழித்து மிலானில் வலென்சியாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். பெனால்டி வரிசையில் அவர் உதைத்ததை வலென்சியா கோல்கீப்பர் கன்யிசரெஸ் தடுத்துவிட்டார். ஆயினும் பேயர்ன் கோல்கீப்பர் ஆலிவர் கான் மூன்றைத் தடுக்க, கோப்பை பேயர்னுக்குக் கிடைத்தது. ஹாம்பர்க்கைப் பார்த்த கையோடு இதையும் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன். தவறவிட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்துவரும் அந்தத் தூரத்தைத் தொகுப்புகள் காட்டுவதில்லை.

காயங்கள் சூழ்ந்த பார்சிலோனா ஆண்டுகளுக்குச் சேவையில் அதிகம் இல்லை. ஆட்டங்களே குறைவு என்பதால் அதைக் குறையாகக் கொள்ள மாட்டேன். ஆனால் 2004இல் அவர் மால்மோவுக்குத் திரும்பி, 1988க்குப் பிறகு அந்த அணி முதன்முறையாகச் சுவீடன் சாம்பியன் பட்டம் வென்றபோது பின்வரிசையில் நின்ற ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லாதது வருத்தம் தருகிறது. ஒலியைப் பொறுத்தவரை, வர்ணனையை நிறுத்தி அரங்கின் இரைச்சலை மட்டும் கேட்கும் வசதி சில ஆட்டங்களுக்கு உண்டு. பின்வரிசையை உற்றுக் கவனிப்பவர்களுக்கு அதுவே ஏற்றது. சந்தாவை மேலும் மூன்று மாதத்துக்கு நீட்டித்திருக்கிறேன். அடுத்துப் பார்க்க வைத்திருப்பது வெம்பிளியின் 0-0 ஆட்டம், இரண்டாம் முறையாக.