கைமாற்றுக்குப் புரோநோட்டா, செக்கா?

மனைவி வழி உறவுக்காரர் ஒருவருக்கு 3 லட்சம் ரூபாய் கடன் கொடுக்க வேண்டி வந்தது. கடையை வேறு இடத்துக்கு மாற்றுகிறார், அட்வான்ஸ் கட்ட வேண்டும், பேங்க் லோன் இழுத்துக்கொண்டே போகிறது என்றார். கொடுப்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பதிலுக்குக் கையில் என்ன வாங்குவது என்பதில்தான் இரண்டு கட்சி. மைத்துனர் செக் கட்சி. "நோட்டை வச்சுக்கிட்டு என்ன மாமா பண்ணப் போறீங்க? செக்னா ஜெயில் பயம் இருக்கும்" என்றார். நான் புரோநோட்டு, அதாவது கேட்கும்போது பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கடன் வாங்குபவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள், வாங்கினேன். நாளைக்கே இன்னொருவர் வந்து கேட்டாலும் அதையேதான் வாங்குவேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். இரண்டுமே 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்துக்குள் வருபவை. இரண்டிலும் கையெழுத்து தன்னுடையதுதான் என்று கடன் வாங்கியவர் ஒத்துக்கொண்டால், பணம் கைமாறியது என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. வாங்கும் செலவும் இரண்டிலும் ஒன்றுமில்லை. அச்சடித்த நோட்டுப் படிவம் ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கிறது.

வழக்கு என்று போனால்தான் பாதை பிரிகிறது. புரோநோட்டு சிவில் வழக்கு. தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் (2017-க்கு முன்பு ஏழரை சதவீதமாக இருந்தது). என் தொகைக்கு அசலுக்கு மட்டும் 9,000 ரூபாய், வட்டி சேர்ந்தால் அதற்கும் சேர்த்து. செக் திரும்பினால் அதே சட்டத்தின் 138-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கேஸ். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். மைத்துனர் சொன்ன ஜெயில் பயம் இதுதான், அது பொய்யில்லை. தவிர, கேஸ் நடக்கும்போதே தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லி உத்தரவிட 2018-இல் திருத்தம் வந்திருக்கிறது. அது நீதிபதியின் முடிவுதான், கேட்டவுடன் கிடைத்துவிடாது. கேஸை நம் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குள்ளேயே போடலாம் என்பது செக்குக்கு இன்னொரு பலம். கடன் வாங்கியவர் மதுரையில் இருந்தாலும் நாம் ஈரோட்டிலேயே நடத்தலாம்.

இவ்வளவு இருந்தும் நான் நோட்டுப் பக்கம் போனதற்குக் காரணம் கெடு. மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

செக்கின் கெடுக்களைப் பாருங்கள். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். 2012 ஏப்ரலுக்கு முன்பு ஆறு மாதமாக இருந்ததை ரிசர்வ் வங்கி குறைத்துவிட்டது. பணமில்லை என்று திரும்பினால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டலாம். கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கேஸ் போட்டாக வேண்டும். கேஸ் போடுவதில் தாமதமானால் தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வழி இருக்கிறது. நோட்டீஸுக்கான 30 நாளைத் தவறவிட்டால் அந்த வழியும் இல்லை. செக்கின் மூன்று மாதம் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, திரும்ப வைத்து, புதிதாக ஆரம்பிக்கலாம், அவ்வளவுதான்.

வியாபாரத்தில் இது சரி. சரக்கு எடுத்தவன் செக் திரும்பினால் மறுநாளே நோட்டீஸ் அனுப்பலாம், யாருக்கும் முகம் சுளிக்காது. உறவுக்குள்ளே நடப்பது வேறு. "இந்த வாரம் போடாதீங்க, அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேல போடுங்க" என்பார். சரி என்போம். அப்புறம் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. மூன்று மாதம் ஓடிவிடும். புதுச் செக் கேட்டால் "என்மேல நம்பிக்கை இல்லையா" என்று வரும். செக் நம்மிடம் கேட்பது அவசரம். சொந்தக்காரர் கடனில் இல்லாதது அந்த அவசரம்தான்.

தேதி போடாமல் வாங்கி வைத்துக்கொண்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். கையெழுத்து மட்டும் போட்ட செக்கில் மற்ற விவரத்தை வேறொருவர் நிரப்பினாலும் செக் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் கடன் கொடுத்து மூன்று ஆண்டு தாண்டிய பிறகு ஒரு தேதியைப் போட்டால், கடனே காலாவதியாகிவிட்டது என்ற வாதம் எதிர்த்தரப்புக்குத் தயாராக இருக்கும்.

பகுதிப் பணம் இன்னும் பெரிய சிக்கல். 3 லட்சத்துக்கு செக் வாங்கி வைத்திருக்கிறீர்கள், நடுவில் அவர் 50,000 திருப்பித் தருகிறார், மீதி வரவில்லை. கோபத்தில் 3 லட்சம் செக்கை அப்படியே வங்கியில் போட்டால் 138 கேஸ் நிற்காது. வந்த பணத்தைச் செக்கிலேயே குறித்துவிட்டு மீதிக்கு மட்டும் வங்கியில் போட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருபவரிடம் ஒரே பெரிய செக் வாங்குவது நம் கையை நாமே கட்டிக்கொள்வது மாதிரி.

புரோநோட்டில் இது அப்படியே தலைகீழ். கேட்கும்போது தருகிறேன் என்று எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டு கெடு. அதற்குள் அவர் அசலிலோ வட்டியிலோ ஏதாவது கொடுத்து, நோட்டின் பின்பக்கம் தன் கையால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து இன்னொரு மூன்று ஆண்டு. 2023 மார்ச் 10-இல் எழுதிய நோட்டு 2026 மார்ச்சில் முடியும். 2026 பிப்ரவரியில் 2,000 ரூபாய் கொடுத்து வரவு எழுதினால் 2029 பிப்ரவரி வரை உயிரோடு இருக்கும். பகுதிப் பணம் செக்கைக் கெடுக்கிறது, நோட்டுக்கு ஆயுள் கூட்டுகிறது. உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் காத்திருக்க இதைவிடத் தோதான காகிதம் எனக்குத் தெரியவில்லை. ஒரே நிபந்தனை, வரவு கெடு முடிவதற்குள் எழுதப்பட வேண்டும், அவர் கையெழுத்தோடு. ஜிபே-யில் பணம் வந்தாலும் நேரில் பார்க்கும்போது நோட்டின் பின்னால் ஒரு வரி எழுதி வாங்கிவிடுவது நல்லது. எனக்கும் அப்படித்தான் வருகிறது. பொங்கலுக்கு ஒரு தொகை, ஆடி முடிந்து ஒரு தொகை, ஒவ்வொன்றும் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.

பேச விரும்பாத விஷயம் ஒன்று. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் செக் கேஸ் அதோடு முடிந்தது. குற்றம் வாரிசுக்குப் போகாது. நோட்டுக் கடனை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கேட்கலாம்.

நோட்டு எழுதும்போது நான் கவனித்தவை சில. ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் குறுக்கே கையெழுத்து. ஸ்டாம்ப் இல்லாத நோட்டை அபராதம் கட்டிக்கூட பிறகு சரிசெய்ய முடியாது, கோர்ட் அதைப் பார்க்காது. படிவத்தில் "தங்களுக்காவது தங்கள் ஆர்டர் பெற்றவர்களுக்காவது கேட்கும்போது" என்று வரும் வாசகத்தில் கைவைக்க வேண்டாம். இன்ன தேதியில் தருகிறேன் என்று கெடு எழுதினால் ஸ்டாம்ப் கணக்கே வேறாகிவிடும். ஊர்ப் பெயர் கட்டாயம் வேண்டும், வழக்கு எங்கே போடலாம் என்பதற்கு அது உதவும். வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் எழுதவே வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கும் மாநிலம் இது. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பினேன். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம். "இவரிடம் அவ்வளவு பணம் ஏது" என்று நாளை யாரும் கேட்க முடியாது என்பது இன்னொன்று. நோட்டானாலும் செக்கானாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

இனி நோட்டின் பலவீனம். என் நோட்டு கோர்ட் வாசல் வரை போகவில்லை. அதனால் அதற்குப் பிறகு உள்ளதை வக்கீல் நண்பர் சொல்லக் கேட்டுத்தான் எழுதுகிறேன். டிகிரி (பணம் கொடு என்ற கோர்ட் தீர்ப்பாணை) வாங்குவது பாதி வேலைதான், பணம் வருவது ஈ.பி., அதாவது அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் மனு, போட்ட பிறகு என்கிறார். டிகிரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அவர் பேரில் நிலமோ வீடோ இருந்தால் ஜப்தி. சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாய் போக மீதியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கலாம், அதுவும் மொத்தம் 24 மாதம்தான். சொத்தும் இல்லை, சம்பளமும் இல்லை என்றால் டிகிரியை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான். அந்த மாதிரி ஆளிடம் செக்தான் கொஞ்சமாவது வேலை செய்யும், ஏனென்றால் அங்கே பயப்பட ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது.

ஆனால் செக் கேஸ் வேகமாக முடியும் என்ற நம்பிக்கையை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2019 முடிவில் நாடு முழுக்க ஏறத்தாழ 35 லட்சம் செக் கேஸ்கள் தேங்கிக் கிடந்தன. பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரர் ஒருவர் வாய்தா வாய்தாவாக அலைவதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் லோக் அதாலத் என்ற சமரச மன்றத்தில் உட்கார்ந்து வட்டியை விட்டுக்கொடுத்து முடித்தார். ஒருவர் அனுபவத்தை வைத்து எல்லாக் கோர்ட்டையும் எடைபோட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். லோக் அதாலத்தில் கட்டணம் கிடையாது; எழுதும் தீர்வுக்கு டிகிரிக்கு உள்ள பலம் உண்டு, மேல்முறையீடும் இல்லை. சிவில் வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பி வரும்.

இரண்டையும் வாங்கினால் என்ன என்று மைத்துனர் கடைசியாகக் கேட்டார். சட்டத்தில் தடையில்லை, சிவிலும் 138-உம் ஒரே கடனுக்குச் சேர்ந்தே நடக்கலாம். வெளியாள், பெரிய தொகை என்றால் நானும் இரண்டும் வாங்குவேன். அப்போது செக் எண்ணையும் அது எந்தக் கடனுக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு கடனுக்குக் கொடுத்த செக் என்று கதை கிளம்பும். மாதா மாதம் சரக்கு வாங்கும் வியாபாரியிடம் செக் மட்டுமே போதும். 20,000-க்கும் குறைந்த கைமாற்றுக்கு நான் எதையும் வாங்குவதில்லை, வாட்ஸ்அப்பில் தொகையையும் தேதியையும் அனுப்பி அவரிடம் ஒரு "சரி" வாங்கிக்கொள்கிறேன்.

கடன் வாங்குகிற பக்கம் இருப்பவர்களுக்கும் ஒன்று. கடைசித் தவணை கொடுக்கும் அன்றே நோட்டின் மேல் "பைசல்" என்று எழுதி, கொடுத்தவர் கையெழுத்தோடு அசல் நோட்டைக் கையில் வாங்கிவிடுங்கள், செக் கொடுத்திருந்தால் அதையும். நோட்டு வேறு ஊரில் பெட்டிக்குள் இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்றால், அப்புறம் வரும்போதே அந்தத் தவணையையும் கொடுங்கள்.