வேன் வண்டியில் ஏற்றிய லிடார்: வடசென்னையில் ஓட்டிப் பார்த்த வரை

லிடார், அதாவது லேசர் ஒளியை விட்டுக் காற்றில் மிதக்கும் தூசு, புகையைக் காட்டும் கருவி, வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு வேண்டியது எண்ணா, படமா? பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டர், அதற்கும் சிறிய நுண்துகள்) ஒரு கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று தெரிந்தால் போதும் என்பவர்கள் இதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். தரையில் நின்று, வடிதாளில் படியும் துகளைப் பீட்டா கதிரால் அளக்கும் பீட்டா கதிர் மீட்டரே அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். புகை எந்த உயரத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவேண்டும் என்றால்தான் லிடார்.

எங்கள் கருவி 532 நானோமீட்டர் பச்சை லேசரைத் துடிப்பு துடிப்பாக மேலே விடும். மிதக்கும் துகளில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தொலைநோக்கி பிடிக்கும். போய்த் திரும்ப ஒரு மைக்ரோ நொடி ஆனால் துகள் 150 மீட்டரில் இருக்கிறது. திரும்பும் ஒளியின் முனைவாக்கம் (ஒளி அலை ஒரே திசையில் அதிர்வது) குலைந்திருந்தால் பெரும்பாலும் மண் தூசு. குலையாமல் வந்தால் புகை, அல்லது ஈரம் குடித்து உருண்ட துகள்.

அதிகம் ஓட்டியது எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம். முற்பகலில் கடற்காற்று ஏறும்போது உயரமான புகைபோக்கியிலிருந்து வரும் புகை கரையோரத்தில் தரையைத் தொடுவதே இல்லை. பட்டையாக மேலேயே போகும். கீழே மீட்டர் சாதுவாக இருக்கும். உள்ளே வர வர, வெயிலில் காய்ந்த தரை கடற்காற்றை அடியிலிருந்து கலக்குகிறது. அந்தக் கலக்கல் அடுக்கு தடித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் புகைப்பட்டையை எட்டும். எட்டியதும் புகை மடமடவென்று கீழே இறங்கிவிடும். ஆலைக்குப் பக்கத்து வீட்டைவிடத் தள்ளி இருக்கும் வீட்டில் அதிகம் இருமுவது எப்படி என்று திரையில் பார்த்த பிறகுதான் பலர் நம்புகிறார்கள்.

ஆனால் வண்டி ஓடும்போது இடமும் மாறுகிறது, நேரமும் மாறுகிறது. அதனால் போன வழியே உடனே திரும்பி ஓட்டவேண்டும். பட்டை இரண்டு முறையும் அதே இடத்தில் இறங்கியிருந்தால் படத்தை நம்பலாம். காற்றின் வேகத்தை இந்த வகை லிடார் சொல்லாது. அதற்கு, திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்து வேகம் சொல்லும் டாப்ளர் வகை வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் ஒரு காற்றுமானி.

குறைகளில் பெரியது குருட்டுப் பகுதி. லேசரும் தொலைநோக்கியின் பார்வையும் சேர்வதற்குள் முதல் நூற்றைம்பது, இருநூறு மீட்டர் போய்விடும். போகி விடியற்காலைப் புகை அடர்ந்து கிடப்பதோ அதற்குள்தான்! கருவியைச் சாய்க்கவேண்டும். தரையிலிருந்து 10 பாகையில் வைத்தால் 200 மீட்டர் குருடு வெறும் 35 மீட்டர் உயரமாகச் சுருங்கும். சாய்த்தால் மரம், மின்கம்பி, அடுக்குமாடி எல்லாம் குறுக்கே வரும், அது வேறு தலைவலி. நேராக வைத்தாலும் மேம்பாலத்துக்கு அடியில் ஒன்றும் கிடைக்காது.

அடுத்தது ஈரப்பதம். 80 சதவீதத்தைத் தாண்டினால் உப்பும் சல்பேட்டும் தண்ணீர் குடித்து உப்பி, இருக்கும் மாசை இரண்டு மடங்காகக் காட்டக்கூடும். பீட்டா மீட்டர் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி உலர்த்துகிறது, லிடாருக்கு அந்த வசதி கிடையாது. எங்களுக்குக் கருவி விற்ற நிறுவனத்தின் மென்பொருள் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் சிவப்பு வண்ணத்தில் பிஎம் 2.5 என்று எழுதிவிடும். கேட்டால் அடுத்த பதிப்பில் வரும் என்பார்கள். நாங்கள் மூலத் தரவை இறக்கி, மணலி காற்றுத்தரக் கண்காணிப்பு நிலைய அளவோடு ஒப்பிட்டு நாங்களே திருத்திக்கொள்கிறோம்.

கையேட்டில் கண்ணில் படாத ஒன்று: ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களை ஒட்டி நண்பகல் 12.10க்கு முன்னும் பின்னும் மேல்நோக்கிய தொலைநோக்கியை மூடிவையுங்கள். ஒளியை உணரும் டிடெக்டர் போனால் செலவு கையைக் கடிக்கும். வண்டியின் ஏசியை மட்டும் அணைக்காதீர்கள், லேசர் சூடு தாங்காது. வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் எடுங்கள்.