சேனல் மேடையா, சொந்த யூடியூபா?

காமெடி நடிகையாக நினைக்கும் குன்னூர்ப் பெண்ணுக்கு இன்று இரண்டு வழிகள். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை டிவிக்குப் போவது ஒன்று. ஊரிலிருந்தே யூடியூப் வீடியோ எடுப்பது இன்னொன்று.

டிவியில் நல்ல பயிற்சி கிடைக்கும். விஜய் டிவி ‘லொள்ளு சபா’வில் பழகித்தான் சந்தானம் சினிமாவுக்குப் போனார். ‘கலக்கப் போவது யாரு’ அறந்தாங்கி நிஷாவை வீட்டுக்கு வீடு தெரியவைத்தது. ஆனால் பெண்களுக்கு எழுதும் வேடங்களைப் பாருங்கள்: சண்டைக்கார மனைவி, கொடுமைக்கார மாமியார், உடம்பைக் கிண்டலடிக்க ஒரு ஆள். அதையும் பல நேரம் ஆண்களே சேலை கட்டிப் போட்டுவிடுகிறார்கள்! சென்னை வாடகை வேறு.

யூடியூபில் வேடத்தை நாமே எழுதலாம். தேயிலைத் தோட்டத்து மேஸ்திரி, சீசனில் வழி கேட்டே உயிரை வாங்கும் டூரிஸ்ட், பேரனைப் படுக மொழியில் அதட்டும் பாட்டி. இவர்களெல்லாம் சென்னையில் உட்கார்ந்து எழுதுபவருக்குத் தோன்றுவார்களா? அக்டோபர், நவம்பர் மழையில் வெளியே எடுப்பதுதான் கஷ்டம். விளம்பரப் பணத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர வேண்டும். திருத்திச் சொல்ல இயக்குநரும் கிடையாது.

என் ஓட்டு முதலில் யூடியூபுக்கு. நாலைந்து வேடம் கைவசமான பிறகு சேனல் தேர்வுக்குப் போகலாம். அப்போது சண்டைக்கார மனைவிதான் வேடம் என்றால், சரி வேண்டாம் என்று எழுந்து வரவும் தெம்பிருக்கும்.