ரோபோ கையுறை: மடக்குவது எளிது, விரிப்பதுதான் வேலை

பக்கவாதத்துக்குப் பிறகு விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தபடியே, காற்றுப் பம்ப்பில் இயங்கும் ரோபோ கையுறையை ஒரு வருடத்துக்கு மேலாக இடது கையில் போட்டு வருகிறேன். ஆன்லைனில் கிடைக்கும் சாதாரண வகைதான். ஒரு சின்னப் பெட்டி, ஐந்து குழாய், ஒவ்வொரு விரலின் மேற்புறமும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழல். காற்று ஏறினால் விரல் மடங்கும், உறிஞ்சினால் நிமிரும்.

மடக்குவதில் குறையே இல்லை. ஆனால் எங்கள் விரல் ஏற்கெனவே மடங்கித்தானே கிடக்கிறது? விரிப்பதுதான் தேவை. உறிஞ்சும்போது இதற்கு அவ்வளவு பலம் இல்லை. வேகத்தைக் கூட்டுவதும் உதவாது. இறுகிய தசையை வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகிக்கொள்ளும். இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வைத்தால்தான் விரல் பேச்சுக் கேட்கிறது. டிசம்பர் காலைகளில் வெந்நீரில் கையை நனைத்த பிறகே தொடங்குவேன்.

மாட்டுவது பெரிய பாடு. பிசியோதெரபிஸ்ட் ஒரு வழி காட்டினார்: "மணிக்கட்டைக் கீழ்ப்பக்கமா மடிங்க மேடம், விரல் தானா தளரும்." விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நார்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்கு வருகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அவை தொய்கின்றன, விரலும் கையுறைக்குள் போய்விடுகிறது. எதையாவது பிடிக்க வேண்டுமென்றால் நேர்மாறாக, மணிக்கட்டு சற்று மேலே நிமிர வேண்டும். இந்தக் கையுறையில் அதற்குத் தாங்கல் எதுவும் கிடையாது. தனியாக ஒரு பட்டை வாங்கிக் கட்டுகிறேன்.

அடுத்து கட்டைவிரல். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். டம்ளரை எடுக்கும்போது கவனித்துப் பாருங்கள்: கட்டைவிரல் முதலில் வெளியே விலகி, கொஞ்சம் திரும்பி, மற்ற விரல்களுக்கு எதிரே வந்து நிற்கும். இந்தக் கையுறையோ அதையும் மற்ற விரல்களைப் போல நேராக உள்ளங்கைக்குள் மடக்குகிறது. டம்ளருக்கு இடமே இருக்காது. 2015இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கானர் வால்ஷின் குழு வெளியிட்ட மென்கையுறையில் ஒரே குழலின் வெவ்வேறு பகுதிகள் வளையவும் நீளவும் முறுக்கிக்கொள்ளவும் செய்யும்படி அமைத்திருந்தார்கள். கை முஷ்டியாகும்போது விரலின் மேற்பக்கம் நீள்கிறது, கட்டைவிரல் திரும்புகிறது என்பதையெல்லாம் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். உள்ளங்கையையும் மூடவில்லை. மலிவான கையுறைகளுக்கும் இந்த அக்கறை வரவேண்டும்.

என்னுடையதில் உள்ளங்கை முழுக்கத் துணி. ஸ்டீல் டம்ளர் வழுக்கும், கை வியர்த்துத் துணி நாறும். தெருமுனை டெய்லரிடம் கொடுத்தேன். "நடுவுல வெட்டி ஓரத்த மடிச்சுத் தெச்சுடுறேன்மா, பிரியாது" என்றார். பிரியவில்லை. டம்ளரின் குளிர்ச்சி உள்ளங்கையில் தெரிகிறது, அது பெரிய விஷயம்.

நல்ல கையில் சென்சார் கையுறை போட்டு அசைத்தால் இந்தக் கையும் அதேபோல் அசையும் வசதி உண்டு. சற்றுத் தாமதமாகத்தான் அசையும், ஆனாலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

வாங்குவதற்கு முன் உங்கள் விரல் நீளத்தை அளந்து அனுப்புங்கள். அளவு பெரிதானால் குழல் மூட்டில் வளையாமல் நடு எலும்பில் வளையும், நகக்கண் உரசும். சிறிய அளவாக மாற்றிய பிறகே எனக்கு அந்த வலி போனது. தொடு உணர்வு குறைந்தவர்கள் ஒவ்வொரு முறை கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.